நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்தவன் எழுதுவது

காரைக்குடி செக்காலை ரோட்டில் எனக்கு இன்வெர்ட்டர் கடை. பதினோரு வருஷமாக அடுத்தவர் வீட்டு பேட்டரிக்கு வாரண்டி கார்டு எழுதிக் கொடுத்தவன், போன வருஷம் தை மாதம் எனக்கே ஒன்று எழுதி வாங்கிக்கொண்டேன். வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து ஒயர் கழுத்து வழியாக ஏறி, காதுக்குப் பின்னால் போய், மண்டைக்குள் இரண்டு பக்கமும் இறங்கி, மூளையின் நடுவே தலாமஸ் என்ற இடத்தில் நிற்கிறது. டாக்டர்கள் டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன் என்பார்கள், சுருக்கமாக டி.பி.எஸ். எங்கள் வீட்டில் ‘தலை மிஷின்’.

கம்பெனி பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் எழுதப்போவதில்லை. சில இடத்தில் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பெயரைவிட, இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் முக்கியம்.

எனக்கு இருப்பது டூரெட் என்ற நரம்புக் கோளாறு. ஏழு வயதில் கண் சிமிட்டலாக ஆரம்பித்து, பத்து வயதில் கழுத்து வெட்டாக மாறி, அப்புறம் தொண்டையிலிருந்து ‘ஹ்க்’ என்று ஒரு சத்தம். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ‘விக்கல்’. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் ஊர்க் கணக்கு. அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்லும்: “உன்னைய ஊரே நெனைக்குதுடா.” அதே அப்பத்தாதான் தாயத்தும் கட்டியது, குன்றக்குடிக்குக் காவடியும் நேர்ந்துகொண்டது. இதற்குப் பெயர் இருக்கிறது, 1885-லேயே ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்பது பேரைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எனக்கு அது இல்லை.

தானாக வரும் இந்த வெட்டுக்கும் சத்தத்துக்கும் ‘டிக்’ என்று பெயர். டிக் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு அரிப்பு வரும். சட்டைக் காலருக்குள் நெல் உமி விழுந்த மாதிரி. கழுத்தை ஒரு வெட்டு வெட்டினால் போய்விடும், அரை நிமிஷத்தில் திரும்ப வந்து விழும். அடக்கலாம். வாடிக்கையாளர் முன்னால் பத்து நிமிஷம் அடக்கிவிட்டு, கடைக்குப் பின்னால் போய் மொத்தமாக வட்டியோடு தீர்ப்பேன்.

மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஹாலோபெரிடால் சாப்பிட்டால் நாள் முழுக்கத் தூக்கம். ரிஸ்பெரிடோன் டிக்கைக் குறைத்தது, எடையை 14 கிலோ ஏற்றியது. டெட்ராபெனசின் போட்டபோது காரணமில்லாமல் அழுகை வந்தது. பழக்கத்தை மாற்றும் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். உமி விழுந்ததும் கழுத்தை வெட்டாமல் தாடையை மெல்லக் கீழே இறக்கிப் பிடிப்பது. அது நிஜமாகவே உதவியது, ஆனால் சத்தத்துக்குத்தான். கழுத்துக்கு இல்லை.

ஆபரேஷனுக்குத் தள்ளியது இரண்டு விஷயம். ஒரு நாள் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆசிட் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாயை உறிஞ்சித் தூக்கும்போது வெட்டு வந்தது. ஆசிட் முன்கையில் தெறித்தது, கண்ணில் படவில்லை. இரண்டாவது, இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. ஸ்கேனில் கழுத்துத் தட்டு தேய்ந்து நரம்பை நெருக்குகிறது என்றார்கள். இருபது வருஷம் ஒரே பக்கம் வெட்டினால் எந்தக் கீல்தான் தாங்கும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மூளையின் ஆழத்தில் விடாமல் துடிப்பு கொடுக்கும் முறையை 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் குழு கை நடுக்கத்துக்குச் செய்து காட்டியது. டூரெட்டுக்கு முதலில் செய்து 1999-இல் அறிவித்தவர்கள் நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவர்கள், விசர்-வாண்டவாலே என்பவரும் கூட இருந்தவர்களும். அவர்கள் தொட்டதும் தலாமஸைத்தான். பார்கின்சனுக்கு இந்த மிஷினை அங்கீகரித்த அமெரிக்க அரசு, டூரெட்டுக்கு அதே அங்கீகாரம் தரவில்லை. அதாவது, இது கடையில் ஓடும் சரக்கு இல்லை. வேறு எதுவும் பலிக்காத பெரியவர்களுக்கு, டாக்டர் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுத்து வைப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு டிக் என்று பதறுகிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதினெட்டுக்குள் தானாகத் தணிந்துபோகிறவர்கள் நிறைய. எனக்குத் தணியவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தலையில் இரும்புச் சட்டத்தைத் திருகி, ஸ்கேன் எடுத்து, மில்லிமீட்டர் கணக்குப் போட்டு இறக்குகிறார்கள். ஒயரின் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டர் சொச்சம். நுனியில் நான்கு வளையம், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். பார்கின்சன்காரர்களை விழித்திருக்க வைத்துச் செய்வார்களாம். கழுத்து வெட்டுகிறவனை அப்படி வைத்துக்கொள்ள முடியாது, என்னை மயக்கிவிட்டார்கள்.

கண் விழித்தபோது டிக் இல்லை. மிஷினை இன்னும் ஆன் செய்யவே இல்லை! அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கொப்புடையம்மனைக் கூப்பிட்டு அழுதுவிட்டது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒயர் இறங்கும்போது அங்கே லேசாக வீங்குவதால் வரும் தற்காலிக நிம்மதி, போய்விடும் என்றார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. வாங்குகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, அந்த இரண்டாவது வாரம் அடைமழை மாதிரி இருந்தது.

இப்போது நிஜமான சரக்குக்கு வருகிறேன். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெட்டி இல்லை. பெட்டியைச் சரிசெய்கிறவரை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கடைக்காரனான எனக்கே உறைக்க ஏழு தடவை பல்லவன் ரயிலில் விடியற்காலை ஏற வேண்டியிருந்தது.

அறையில் டாக்டர் கையில் ஒரு டேப்லட். இடது ஒயரில் ஒவ்வொரு வளையமாக எடுத்து, கரண்டை அரை அரை மில்லி ஆம்பியராக ஏற்றுவார். விநாடிக்கு 130 துடிப்பு. நம் வீட்டு ஈ.பி. லைன் 50 ஹெர்ட்ஸ், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பின் நீளம் 90 மைக்ரோ விநாடி. முதல் வளையத்தில் 3 மில்லி ஆம்பியர் வந்ததும் வலது உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது. அடுத்ததில் நாக்கு தடித்து, வாழைப்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆனது. மூன்றாவதில் எறும்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. ஆனால் டிக்கும் அப்படியே இருந்தது. “இது கை நடுக்கம் மாதிரி உடனே நிற்காது. வாரக்கணக்கில் பாருங்க தம்பி” என்று அனுப்பிவிட்டார். நிஜம்தான். மார்ச்சில் வைத்த அளவு மே மாதம்தான் வேலை செய்ய ஆரம்பித்தது.

நான்காவது தடவை போனபோது, தன் டேப்லட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் மிஷின் கரண்ட் கொடுப்பதோடு நிற்காமல், அதே ஒயரால் மூளையின் அலையையும் கேட்கும் ரகம். திரையில் ஒரு கோடு. இடது ஓரத்தில், 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒரு மேடு. எங்கள் ஊர்ப் பொட்டலில் கரையான் புற்று நிற்கிற மாதிரி தனியாக நின்றது. “இது நீங்க” என்றார்.

கரண்டை நிறுத்திவிட்டு, அடக்காமல் விடச் சொன்னார். வெட்டினேன், சத்தம் போட்டேன். அப்புறம் டிக் இல்லாமல், நானாக, வேண்டுமென்றே அதே மாதிரி கழுத்தை வெட்டச் சொன்னார். இதென்ன கூத்து என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது. கழுத்து வெட்டினால் ஒயரும் ஆடும், ஆட்டமே கோட்டில் மேடாகத் தெரியலாம். நானாக வெட்டும்போது வராத மேடு, டிக்கின்போது மட்டும் வந்தால்தான் அது மூளையின் பேச்சு. ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு ஒன்று தலாமஸிலும் அசைவைக் கட்டளையிடும் மேல்மூளைப் பகுதியிலும் ஒரே நேரத்தில் ஒயர் வைத்துக் கேட்டிருக்கிறார்களாம். டிக் வரும்போது தலாமஸில் தாழ்ந்த அலை கூடுகிறது, மேலே வழக்கமாக ஓடும் அலை தணிகிறது.

அப்புறம் கரண்டை மெல்ல ஏற்றினார். மேடு ஒரேயடியாகச் சரியவில்லை. ஈர மணல் மாதிரி ஓரம் ஓரமாக உட்கார்ந்தது. காலருக்குள் உமி அப்போதும் இருந்தது. ஆனால் அவசரமில்லை. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லக்கூடிய உமி.

மிஷின் அந்த இடத்தை அணைத்துவிடுகிறதா என்று கேட்டேன். முன்பு அப்படித்தான் நினைத்தார்களாம். அந்த இடத்தையே சுட்டுவிடும் பழைய ஆபரேஷன் மாதிரி பலன் தந்ததால். இப்போது சொல்வது வேறு. மூளையின் மேல்பட்டை, அடியில் இருக்கும் முடிச்சுகள், தலாமஸ், மறுபடி மேல்பட்டை என்று ஒரு சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த அசைவை வெளியே விடுவது, எதைப் பிடித்து வைப்பது என்பது அந்தச் சுற்றின் வேலை. என் சுற்றில் ஒரு மெதுவான தாளம் கூட்டாகச் சேர்ந்து அடித்து, கதவைத் தானாகத் திறந்துவிடுகிறது. 130 துடிப்பு அந்தத் தாளத்தைச் சேரவிடாமல் குலைக்கிறது. எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், லைனைக் கட் செய்யவில்லை, லைனில் இருந்த உறுமலைக் கலைத்துவிட்டது.

நான் குஷியாகி, “அப்போ இந்த மேடுதான் சார் என் டிக்” என்றேன். டாக்டர் தலையாட்டவில்லை. “டிக் இல்லாத ஆளோட தலாமஸில் ஒயர் வெச்சு யார் பார்த்திருக்காங்க? எல்லாருக்கும் கொஞ்சம் மேடு இருக்கலாம். உங்களுக்கு இது தணியும்போது டிக் குறையுது, அது வரைக்கும் சொல்லலாம்.” அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். பேட்டரி விற்கிறவன், எது விற்பனைப் பேச்சு என்று எனக்குத் தெரியும்.

பெட்டியை வலது பக்கம் வைத்ததற்கும் காரணம் இதுவே. இடது பக்கம் வைத்தால் இதயத்தின் துடிப்பு இந்தப் பதிவில் இரைச்சலாக ஏறும் வாய்ப்பு அதிகமாம். இன்வெர்ட்டர் பக்கத்தில் ரேடியோ வைத்தவர்களுக்கு இது புரியும்.

சரி, குறைகள்.

சார்ஜ் போடுவது. வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம். தோளில் மாட்டும் பட்டை ஒன்று, அதில் வட்டமான தட்டு, அதைப் பெட்டிக்கு நேராக வைக்க வேண்டும். விரல் அகலம் நகர்ந்தால் பீப் என்று கத்தும். சித்திரை வெயிலில், காரைக்குடியில், வியர்த்த நெஞ்சில் சூடாகிற தட்டை ஒரு மணி நேரம் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும் அந்தச் சுகம். பட்டையை வடிவமைத்தவர் குளிர் ஊர்க்காரர், சந்தேகமே இல்லை. கையேட்டில் தமிழ் கிடையாது.

போன வருஷம் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி. திருவிழாக் கடைகளுக்கு இன்வெர்ட்டர் வாடகைக்கு விடுவேன், பத்து நாளும் தூக்கம் இல்லை. இரண்டு வியாழக்கிழமை சார்ஜ் போட மறந்துவிட்டேன். கன்ட்ரோலர் பைக்குள்ளே கிடந்து எச்சரித்திருக்கிறது, யார் பார்த்தது? தேரன்று சாயங்காலம் பணியாரக் கடைக்கு டெர்மினல் முறுக்கிக்கொண்டிருந்தேன், ‘ஹ்க்’ வந்தது. நான் போட்டதுதானா என்று திரும்பிப் பார்த்தேன். அடுத்த அரை மணியில் கழுத்து. ஊருக்கே பேட்டரி கொடுக்கிறவனின் பேட்டரி இறங்கிவிட்டது. கூட இருந்த பையன் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பேனரைக் கீழே போட்டான். நானும் சிரித்தேன், வெட்டிக்கொண்டே.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி. “திங்கக்கிழமை கூப்பிடுங்க சார்.” ஏன் தம்பி, கரண்ட் போன வீட்டில் இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கடை இருக்குமா? சித்தப்பா மகனை உட்காரவைத்து ஆங்கிலக் கையேட்டைப் படிக்கச் சொல்லி, விடிய விடியச் சார்ஜ் ஏற்றினேன். ஏறியும் டிக் நிற்கவில்லை. காலையில்தான் தெரிந்தது, சார்ஜ் ஏறினால் மட்டும் போதாது, மிஷினைக் கன்ட்ரோலரில் தனியாக ஆன் செய்ய வேண்டும். அடுத்த தடவை டாக்டர் பதிவை எடுத்தபோது, மேடும் பள்ளமுமாக வந்த கோட்டின் நடுவே அந்தத் திருவிழா மட்டும் வெறுமையாக இருந்தது.

அதனால் ஒரு லாபமும் உண்டு. மிஷின் நிஜமாகவே வேலை செய்கிறதா, என் மனசு செய்கிற வேலையா என்ற சந்தேகம் எனக்கு உள்ளே இருந்தது. தேரன்று தீர்ந்தது. எனக்குத் தெரியாமல் அணைந்தது, எனக்குத் தெரியாமலே டிக் வந்தது.

பிசியோதெரபி போகிறவர்கள் கவனியுங்கள். கழுத்துக்கு என்று போன இடத்தில் ஒருவர் டயாதெர்மி, அதாவது மின்னலையால் உள்ளே சூடு வைக்கும் சிகிச்சை, கொடுக்க அந்த மிஷினின் ஒயரைக் கையில் எடுத்துவிட்டார். மண்டைக்குள் உலோகம் இருக்கிறவனுக்கு அந்தச் சூடு வைத்தால் ஒயர் நுனியில் மூளையே வெந்துபோகலாம். பர்ஸில் இருக்கும் அடையாள அட்டையைக் காட்டினேன், அவர் முகம் வெளுத்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் நிபந்தனை உண்டு. கடையில் ஆர்க் வெல்டிங் வேலையை நான் தொடுவதில்லை, பையன் செய்கிறான்.

செலவு: எல்லாம் சேர்த்து எனக்கு 17 லட்சம் ஆனது. காப்பீட்டுக்காரர்கள் ஒரு ரூபாய் தரவில்லை, டூரெட்டுக்கு இது பட்டியலில் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அப்பா கண்டனூர்ப் பக்கம் இருந்த இடத்தை விற்றார். பெட்டி 15 வருஷம் உழைக்கும் என்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே பேட்டரி ஆராய்ச்சியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார் என் வாடிக்கையாளர். 15 வருஷத்தைச் சொன்னேன். “வாரா வாரம் ஒழுங்கா போட்டா வரும்டா. நீதான் ஒழுங்கா போட மாட்டியே” என்றார். திருவிழாக் கதை அவர் வரைக்கும் போயிருக்கிறது.

பலன் எவ்வளவு? டிக்கை அளக்க யேல் அளவுகோல் என்று ஒன்று, மொத்தம் 100. ஆபரேஷனுக்கு முன் எனக்கு 78, இப்போது 44. பாதிகூடக் குறையவில்லை என்று முதலில் மனசு விட்டுப்போனது. 2018-இல் 10 நாட்டில் 185 பேரின் கணக்கைச் சேர்த்து ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் சராசரி 45 சதவீதம் குறைவு. மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் பேச்சுக் குழறல், மரமரப்பு போன்றவை. ஆக, எனக்கு வந்தது சரியான எடைதான், தராசில் குறையில்லை. சுண்டுவிரலுக்கு உணர்வு திரும்பிவிட்டது. ஹைட்ரோமீட்டரை நானே பிடிக்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றப் போவேன். முகப்பில் நான் நுழைந்தாலே ‘ஹ்க்’ சத்தம் வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு வரை எதிரொலிக்கும், ஆச்சி அங்கிருந்தே “வாப்பா” என்று குரல் கொடுக்கும். போன மாதம் போனபோது அடுப்படி வாசல் வரை போய் நின்றுவிட்டேன். வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்த ஆச்சி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, கரண்டியைத் தவறவிட்டது. “ஏம்ப்பா, ஒரு சத்தமும் இல்லாம வந்து நிக்கிறே! மனுசருக்குப் பயமா இருக்காதா? இனிமே வாசல்லயே மணி அடிச்சிட்டு வா.”

எதிர்பார்க்கவே இல்லாத இடத்தில் எனக்கு ஒரு எரிச்சலும் உண்டு. என் மிஷின் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுகிறது, நான் தூங்கும்போதும். டிக் வரப்போகிறது என்று மூளை அலையைக் கேட்டு, அப்போது மட்டும் துடிப்பு கொடுக்கும் வகையை ஆராய்ச்சியில் மனிதர்களிடம் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். கரண்ட் போனால் மட்டும் ஓடுவதற்குப் பெயர்தானே இன்வெர்ட்டர்? அதை விற்கிற நான் இருபத்திநாலு மணி நேர ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால்: பெட்டிக்கு நாலு, டாக்டரின் பொறுமைக்கு ஐந்து, சார்ஜர் பட்டைக்கு ஒன்றரை, கம்பெனி ஆளின் சனிக்கிழமைக்கு முட்டை. ஆபரேஷன் யோசிக்கிறவர்கள், டாக்டரிடம் ‘ஒயர் வைத்த பிறகு எத்தனை தடவை நீங்களே உட்கார்ந்து சரிசெய்வீர்கள்’ என்று முதலில் கேளுங்கள். பதில் வழவழ என்று வந்தால் எழுந்துவிடுங்கள்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பீப் சத்தம் கேட்டால் ஒன்றுமில்லை, தட்டு நகர்ந்திருக்கும்.